பத்தியமும் பழியும்: காளாஞ்சகப்படையில் உணவின் இடம்

சோரியாசிஸ் என்று இன்றைய மருத்துவமும் காளாஞ்சகப்படை என்று சித்த மருத்துவமும் குறிக்கும் தோல்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. ஆயினும் அது வந்தவரிடம் உறவினரும் அயலாரும் முதலில் கேட்பது, அவர் எதை உண்டார் என்பதையே. கத்திரிக்காயா, கருவாடா, மீன் குழம்புக்குப் பின் குடித்த பாலா என்று நீளும் அந்த விசாரணையில் அக்கறையும் உண்டு, குற்றம் தேடும் குணமும் உண்டு. உணவு இந்நோயைத் தூண்டுகிறதா என்பது மருத்துவம் விடைகாண வேண்டிய கேள்வி. தூண்டுவதாகவே வைத்துக்கொண்டாலும், உண்டவர் தம் நோய்க்குத் தாமே பொறுப்பாளி ஆவாரா என்பது மெய்யியலும் சமயமும் விடைகாண வேண்டிய கேள்வி. முன்னதற்குக் கிடைத்துள்ள அரைகுறை விடையைப் பின்னதற்கு முழு விடையாக எடுத்துக்கொள்வதால் விளையும் குழப்பமே இங்கு ஆராயப்படுகிறது.

கிருமிகளை எதிர்ப்பதற்கென உடலில் உள்ள டி அணுக்கள் என்னும் வெள்ளையணுக்கள், எதிரி எவரும் இல்லாத இடத்தில் தோலின் மீதே ஓயாத அழற்சியை மூட்டுவதுதான் இந்நோயின் அடிப்படை. அவ்வணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் இன்டர்லூகின்-17, இன்டர்லூகின்-23 போன்ற புரதங்கள் மிகுந்து சுரக்கும்போது, ஏறத்தாழ ஒரு மாதத்தில் பிறந்து முதிர்ந்து உதிரவேண்டிய தோலணுக்கள் ஒரு வாரத்திற்கும் குறைந்த காலத்தில் மேலே வந்து குவிந்து, சிவந்த திட்டுகளாகவும் வெண்செதில்களாகவும் தெரிகின்றன. பரம்பரைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஆயினும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலே போவதும் உண்டு என்பதால், பரம்பரை மட்டுமே முழுக்காரணம் ஆகாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப்புண், லித்தியம் முதலிய சில மருந்துகள், புகை, மது, மன அழுத்தம் ஆகியவை அடங்கியிருக்கும் நோயைக் கிளப்பிவிடக்கூடியவை. தோலில் கீறல் பட்ட இடத்திலேயே புதிய திட்டு எழுவதை ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் கோப்னர் 1872இல் எடுத்துரைத்தார். முற்றிலும் குணப்படுத்தும் வழி இன்றுவரை இல்லை. அடக்கிவைக்கும் வழிகளே உள்ளன. 2014இல் உலக சுகாதாரப் பேரவை நிறைவேற்றிய தீர்மானமும் இதையே ஏற்றுக்கொண்டது.

காரணம் என்பதைப் பகுத்துப் பார்க்கும் பயிற்சி இந்தியத் தத்துவ மரபுகளுக்குப் புதிதன்று. குடம் வனைதலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மண்ணை முதற்காரணம் என்றும், தண்டையும் சக்கரத்தையும் துணைக்காரணம் என்றும், குயவனை நிமித்தகாரணம் என்றும் சைவ சித்தாந்தம் பிரிக்கும். உலகத் தோற்றத்தில் மாயை, சிவசத்தி, சிவன் ஆகிய மூன்றுக்கும் முறையே அம்மூன்று இடங்களையும் அளிக்கும். நியாய மரபினர் இதே குடத்தை வைத்துக்கொண்டு மற்றோர் எச்சரிக்கையைச் சேர்த்தனர். காரியத்துக்கு முன்னர் இருந்ததெல்லாம் காரணம் ஆகிவிடாது. மண்ணைச் சுமந்து வந்த கழுதையும், குயவனைப் பெற்ற தந்தையும், தண்டின் நிறமும் குடத்துக்கு முன்னரே இருந்தவைதாம், ஆனால் குடம் உண்டானதை விளக்க அவை வேண்டியதில்லை என்று கூறி, இத்தகையவற்றை அந்நியதாசித்தம் என்னும் பெயரால் ஒதுக்கினர். பதினேழாம் நூற்றாண்டில் விசுவநாதர் இயற்றிய பாஷாபரிச்சேதம் இவ்வாறு ஒதுக்கவேண்டியவற்றை ஐந்து வகையாக எண்ணிக் காட்டுகிறது. மண் வேறு எவ்வழியில் வந்து சேர்ந்திருந்தாலும் குடம் குடமாகவே ஆகியிருக்கும் என்பதே கழுதையை விலக்குவதற்கு அவர்கள் கண்ட நியாயம்.

காளாஞ்சகப்படையில் பரம்பரையும் பிறழ்ந்த நோயெதிர்ப்பும் மண்ணின் இடத்தில் நிற்கின்றன என்று கொண்டால், உணவு தண்டாகவும் இருக்கலாம், கழுதையாகவும் இருக்கலாம். எது எதுவென்று அறியத் தருக்க நூலார் காட்டும் வழி, ஒன்று இருக்க மற்றொன்று இருத்தலாகிய அன்னுவயத்தையும், அது இல்லாதபோது இதுவும் இல்லாதிருத்தலாகிய வெதிரேகத்தையும் சேர்த்துச் சோதிப்பதாகும். நோயாளிகள் தாமாகச் செய்துபார்க்கும் சோதனைகளில் பெரும்பாலும் முதற்பாதி மட்டுமே நடக்கிறது. முந்தைய நாள் விருந்தில் உண்டதும் மறுநாள் செதில் கூடியதும் நினைவில் ஒட்டிக்கொள்கின்றன. அதே உணவை உண்டும் ஒன்றும் நேராத நாட்கள் நினைவுக்கு வருவதில்லை. மேலும் இந்நோய் யாரையும் கேளாமல் தானே ஏறவும் இறங்கவும் செய்வது; வெயில்பட்டால் பலருக்குத் தணிவது, குளிர்காலத்தில் பலருக்குக் கூடுவது. இப்படி அலையும் ஒன்றன் பக்கத்தில் எந்த உணவை வைத்தாலும் சிலகாலம் அது காரணம்போலவே தோன்றும்.

அமெரிக்காவில் 1,206 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளிவந்த கணக்கெடுப்பில் 86 விழுக்காட்டினர் தம் உணவில் ஏதேனும் ஒரு மாற்றம் செய்து பார்த்ததாகக் கூறினர்; சர்க்கரை, மது, தக்காளி, பால் பொருட்கள், கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் ஆகியவற்றை நோய் கிளப்புவனவாகப் பலர் சுட்டினர். தக்காளி, கத்திரி, உருளை, மிளகாய் அடங்கிய தாவரக் குடும்பத்தையே சிலர் முழுதும் விலக்கியிருந்தனர். தமிழகத்தில் தோல்நோய் வந்தவருக்கு முதலில் மறுக்கப்படும் காயும் கத்திரியே என்பதை இதனோடு வைத்துப் பார்ப்பவர், ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள்கூட்டம் ஒரே உண்மையைக் கண்டதாக மகிழக்கூடும். ஒரே கழுதையைக் கண்டிருக்கவும் கூடும். நோயாளி சொல்வது பொய் என்பதன்று இதன் பொருள். அவர் சொல்வது சான்றின் தொடக்கம். சோதனை அதற்குப் பின்னரே வரவேண்டும்.

சோதித்துப் பார்த்த இடங்களில் கிடைத்த விடைகள் எளிய விலக்குப் பட்டியலாக அமையவில்லை. சுவீடனில் நடந்து 2000இல் வெளியான ஓர் ஆய்வில், குளூட்டனின் ஒரு பகுதியான கிளையாடினுக்கு எதிரான எதிர்ப்புப்பொருள் இரத்தத்தில் காணப்பட்ட நோயாளிகளுக்குக் கோதுமை நீக்கிய உணவால் தோல் தேறியது. அந்த எதிர்ப்புப்பொருள் இல்லாத சிலருக்கு அவ்வுணவால் பயன் தெரியவில்லை. ஒரே கோதுமை ஒருவருக்குத் தண்டாகவும் மற்றொருவருக்குக் கழுதையாகவும் இருக்கிறது என்பதே இதன் பொருள். உடற்பருமனைப் பற்றிய சான்று இன்னும் வலியது. மருந்து உட்கொண்டும் நோய் அடங்காதிருந்த, உடல் எடை மிகுந்த 303 பேரைக் கொண்டு இத்தாலியில் நடந்த ஆய்வில், 20 வாரம் உணவைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்களின் நோய்க்கடுமை ஏறத்தாழ பாதியாக இறங்கியது. அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கோ கால்பங்கு இறங்கியது. அறிவுரைக்கே கால்பங்கு இறங்கியது என்பதையும் மறக்கலாகாது. ஒப்பிடுவதற்கு அந்த இரண்டாம் குழு இல்லாதிருந்தால், முழு இறக்கமும் உணவின் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கும். மரபணு வேறுபாடுகளைக் கொண்டு காரணத்தையும் காரியத்தையும் பிரித்தறியும் ஒரு முறையால் 2019இல் வெளிவந்த ஆய்வும், பருமன் இந்நோய்க்குக் காரணமாகிறது என்னும் திசையையே ஆதரித்தது. இவற்றையெல்லாம் சீர்தூக்கி அமெரிக்காவின் தேசிய சோரியாசிஸ் அறக்கட்டளை சார்பில் மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட பரிந்துரை, எடை மிகுந்தோர் உணவின் அளவைக் குறைப்பதையே வலுவாக வற்புறுத்தியது. கோதுமை விலக்கை, குளூட்டன் ஒவ்வாமைக்கான அடையாளம் இரத்தத்தில் கண்டவர்களுக்கு மட்டுமே உரியதாக்கியது.

ஆக, இன்னின்ன பண்டத்தை உண்ணாதே என்பதைவிட அளவோடு உண் என்பதற்கே ஆதாரம் மிகுதி. திருக்குறளின் மருந்து அதிகாரம் பண்டங்களின் பட்டியல் தராமல் அளவையும், முன் உண்டது செரித்தலையும், உடலுக்கு மாறுபடாமையையும் பேசுவது இங்கு நினைக்கத்தக்கது. அதற்காக அந்நூல் இன்றைய ஆய்வுகளை முன்னறிந்து கூறிற்று என்று பெருமை பேசுவது நூலுக்கும் ஆய்வுக்கும் செய்யும் அநீதி. சித்த மருத்துவ வழக்கு கரப்பான் பண்டங்கள் என்று சிலவற்றைத் தொகுத்து, சோளம், கம்பு, வரகு, வாழைக்காய், பாகற்காய், கெளிற்று மீன் முதலியவற்றைத் தோல்நோயாளி விலக்கவேண்டும் என்னும். இன்று சிறுதானியமே உடல்நலத்தின் திறவுகோல் என்று விளம்பரம் செய்யும் அங்காடிகள் அந்தப் பழைய பட்டியலைக் கண்டால் திகைக்கும். கரப்பான் என்னும் தோல்நோயும் காளாஞ்சகப்படையும் ஒன்றல்ல என்றாலும், மக்கள் வழக்கில் ஒன்றன் பத்தியம் மற்றதன்மேல் ஏறிவிட்டது.

துணைக்காரணம் எது என்பது ஓரளவு தெளிந்தபின் எஞ்சுவது நிமித்தகாரணம் பற்றிய கேள்வி. குடத்துக்குக் குயவன் உண்டு. நோய்க்குக் குயவன் எவர்? அந்த இடத்தை வெறுமையாக விட மனித மனம் ஒப்புவதில்லை. தெய்வம், வினை, நோயாளி என்னும் மூவருள் ஒருவரை அங்கே நிறுத்திவிடுகிறது. பத்தியத்தின் மொழி நிறுத்துவது மூன்றாமவரை. உண்டது அவர் கை, விரும்பியது அவர் நாக்கு, ஆகவே வனைந்தவரும் அவரே என்பது அதன் ஓட்டம்.

இந்த ஓட்டம் பழைய நூல்களில் இல்லாததன்று. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை குட்டம் என்னும் பெருந்தலைப்பின் கீழ்ப் பதினெட்டு வகைத் தோல்நோய்களை அடக்குகிறது. அவற்றுள் எது இன்றைய காளாஞ்சகப்படை என்று ஒன்றுக்கொன்று பொருத்துவது எளிதன்று. அந்நோய்களின் காரணங்களாகப் பாலோடு மீன் உண்ணுதல் போன்ற விருத்த ஆகாரத்தையும், அதாவது ஒன்றோடொன்று ஒவ்வாத உணவுகளின் சேர்க்கையையும், வாந்தி வரும்போது அடக்குதலையும், அந்தணரையும் ஆசிரியரையும் இழித்தலையும், பாவச்செயலையும் அந்நூல் ஒரே வரிசையில் வைக்கிறது. மீனும் பாவமும் அடுத்தடுத்து நிற்கும் அந்த வரிசையில் உணவுப் பிழை எளிதாக ஒழுக்கப் பிழையாகிவிடும். நோய்க்கு மூலமாக அந்நூல் கூறும் பிரக்ஞாபராதம் என்னும் கருத்தும், அறிவும் உறுதியும் நினைவும் பிறழ்ந்து ஒருவர் தமக்குத் தீங்கானதைச் செய்துகொள்வதையே குறிக்கிறது.

ஆனால் அதே நூல் தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொள்ளும் இடமும் உண்டு. பத்தியம் விதிப்போர் மறந்துவிட்ட இடம் அதுவே. சூத்திரத்தானத்தின் இருபத்தெட்டாம் அத்தியாயத்தில், நல்லுணவு உண்போர் நோயுற்றும் தீயுணவு உண்போர் நலமாகவும் இருப்பதைக் காண்கிறோமே, இதற்கு விளக்கம் என்ன என்று அக்கினிவேசன் தன் ஆசான் ஆத்திரேயரைக் கேட்கிறான். நல்லுணவு உண்பவருக்கு உணவால் வரும் நோய்கள் வருவதில்லை, ஆனால் நல்லுணவு ஒன்றே எல்லா நோயையும் தடுத்துவிடாது. பருவ மாறுபாடு முதலிய பிற காரணங்களும் உள்ளன என்று ஆசான் விடை கூறுகிறார். மேலும், தீயுணவு எல்லாம் ஒரே அளவு தீங்கு செய்வதில்லை, எல்லா உடல்களும் நோயை ஒரே வலிமையுடன் தாங்குவதில்லை என்றும் சேர்க்கிறார். கோதுமை ஒருவருக்கு ஆகாமலும் மற்றவருக்கு ஆகியும் இருப்பதைக் கண்ட சுவீடன் மருத்துவர்களின் முடிவுக்கும் இதற்கும் உள்ள உறவு, மேலோட்டமான ஒற்றுமையினும் சற்று ஆழமானது: இரண்டிலும் உணவு தன்னளவில் நல்லதும் இல்லை, தீயதும் இல்லை, உண்ணும் உடலோடு சேர்ந்தே அதன் தன்மை அமைகிறது.

நோயை வினையின் கணக்கில் எழுதுவதை மறுத்த குரல்களுள் பாலி மொழிச் சங்யுத்த நிகாயத்தில் உள்ள சீவக சுத்தம் மிகத் துல்லியமானது. மனிதர் துய்க்கும் இன்பதுன்பம் யாவும் முன்செய்த வினையின் பயனே என்போரைப் பற்றி மோளியசீவகன் என்னும் துறவி வினவ, பித்தம், கபம், வாதம், அம்மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், உடலைப் பேணாமை, பிறர் செய்த ஊறு, வினை என எட்டுக் காரணங்களைப் புத்தர் எண்ணுகிறார். வினை அவ்வெட்டனுள் ஒன்று மட்டுமே. எல்லாம் வினையே என்போர் தாம் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் கடந்து பேசுகின்றனர் என்பது அவர் முடிவு. பித்தமும் கபமும் வாதமும் இன்றைய மருத்துவத்தின் சொற்கள் அல்ல. பல காரணங்கள் இருக்கும் இடத்தில் ஒழுக்கக் காரணம் ஒன்றையே பிடித்துக்கொள்வது அறிவுப் பிழை என்ற கண்டனம் மட்டும் பழையதாகிவிடவில்லை.

விவிலியத்தில் இந்த இழுபறி இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. லேவியராகமத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் தோலில் எழும் தடிப்பையும் வெண்மையையும் ஆசாரியர் பார்வையிட்டுத் தீட்டு, தீட்டின்மை என்று அறிவிக்கும் முறையை விரிவாகக் கூறினாலும், அவ்வதிகாரத்தில் நோயாளியின் பாவத்தைப் பற்றிய பேச்சு இல்லை. எண்ணாகமத்தில் மிரியாமுக்கு வந்த தோல்நோயோ மோசேக்கு எதிராக அவள் பேசியதற்குத் தண்டனையாகவே வருகிறது. உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை பருக்கள் எழும்ப, ஓட்டினால் சுரண்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்த யோபுவிடம் நண்பர்கள் மாறிமாறி வலியுறுத்தியது, அவர் ஏதோ தவறு செய்திருக்கத்தான் வேண்டும் என்பதையே. நூலின் இறுதியில் கடிந்துகொள்ளப்படுபவர்கள் அந்த நண்பர்களே. ஆயினும் ஐரோப்பா நெடுங்காலம் யோபுவின் நண்பர்கள் பக்கமே நின்றது. செதிலோடு கூடிய தோல்நோய் எதுவாயினும் குட்டநோயெனக் கொள்ளப்பட்டு, அதற்குரிய விலக்கு அதன்மேல் விழுந்தது. இங்கிலாந்தின் ராபர்ட் வில்லன் 1808இல் இந்நோயை நுணுக்கமாக விவரித்த பின்னும், வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா 1841இல் அதைக் குட்டநோயிலிருந்து முற்றிலும் பிரித்த பின்னுமே மருத்துவ ஏடுகளில் அக்குழப்பம் தீர்ந்தது.

இத்தனை மறுப்புகளுக்குப் பின்னும் உணவின் மேல் ஏற்றிய பழி நீங்காமல் நிற்பதற்குக் காரணம் சுற்றத்தாரின் கடுமை மட்டுமன்று. நோயாளியே அதை விரும்புகிறார் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. காரணமின்றி வந்தது என்பதைவிடத் தன்னால் வந்தது என்பது தாங்க எளிதாயிருக்கிறது; தன்னால் வந்ததெனில் தன்னால் போக்கவும் முடியும் அல்லவா? குற்ற உணர்வை விலையாகக் கொடுத்து நம்பிக்கையை வாங்கும் இந்த வணிகத்தில் தொடக்கத்தில் ஆதாயம் உண்டு. முதலில் கத்திரிக்காய் போகிறது, பின்னர் மீனும் முட்டையும் பாலும் போகின்றன, கோதுமையும் புளியும் தொடர்கின்றன. நோய் அடங்கினால் பத்தியத்தின் வெற்றி, அடங்காவிட்டால் பத்தியம் காப்பதில் நேர்ந்த தவறு. எந்த விளைவாலும் பொய்ப்பிக்க முடியாத கூற்று அறிவுக்குரியதன்று என்பதைத் தருக்கம் கற்றவர் அறிவார்; தட்டில் ரசமும் சோறும் மட்டுமே எஞ்சிய பின்னும் செதில் உதிரக் காண்பவருக்கு அது தருக்கப் பிழையாகத் தெரிவதில்லை, தம் மனவலிமையின் குறையாகவே தெரிகிறது. உணவைச் சுருக்கிச் சுருக்கி ஊட்டக்குறைவுக்கு ஆளாவதும், கலியாணப் பந்தியையும் வீட்டு விருந்தையும் தவிர்த்துத் தனித்துப் போவதும் இதன் பின்விளைவுகள். தனிமையும் மன அழுத்தமும் நோயைக் கிளப்புவனவற்றுள் அடங்கும் என்பதால், பழிச்சொல்லே துணைக்காரணமாகிவிடும் விபரீதமும் உண்டு.

மதுவைப் பற்றி இவ்வாறு பேசமுடியாதே என்று மறுப்பவர் கூறுவதில் நியாயம் இருக்கிறது. மதுவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு பல ஆய்வுகளில் காணப்பட்டது. மேலும் இந்நோய்க்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தோடு மது சேரும்போது கல்லீரலுக்கு நேரும் கேடு ஐயமற்றது. இங்கு விலக்கு விதிப்பது மருத்துவரின் கடமையே. எனினும் தோலைப் பிறர் பார்ப்பார்களே என்ற கூச்சத்தாலும் உறக்கமின்மையாலும் மதுவை நாடியவர்களும் இருப்பர். அவர்களிடத்தில் மது நோயின் காரணமா, காரியமா என்பது திசைமாறும் கேள்வி. பொறுப்பு என்பதை இனிச் செய்யவேண்டியதை நோக்கியும், பழி என்பதை முன் செய்ததை நோக்கியும் பிரித்துக்கொண்டால் இச்சிக்கல் பெரிதும் அவிழும்: குடியை விடும் பொறுப்பு நோயாளிக்கு உண்டு, அதனால் நோயின் குயவன் அவர் என்று ஆகிவிடாது.

உணவை விலக்குவதற்குச் சமயம் அறிந்த மற்றொரு வழி நோன்பு. பத்தியம் பலனுக்காகச் செய்வது. பலன் வராதபோது பத்தியம் தோற்றதாகிறது, அதைக் காத்தவரும் தோற்றவராகிறார். நோன்போ செய்து முடித்தலிலேயே நிறைவுறுவது. வைத்தீசுவரன்கோயிலில் உப்பும் மிளகும் காணிக்கையிட்டு, வெல்லத்தைக் குளத்தில் கரைத்துத் தோல்நோய்க்காக வேண்டிக்கொள்ளும் வழக்கத்தில்கூட, வந்தவர் முன்பு எதை உண்டார் என்ற கணக்கு கேட்கப்படுவதில்லை. இசுலாம் ஒரு படி மேலே சென்று, நோயுற்றவருக்கு ரமலான் நோன்பிலிருந்து விலக்கு அளித்து, விடுபட்ட நாட்களைப் பின்னர் நோற்கலாம் என்று திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்திலேயே விதிக்கிறது. மருத்துவ மரபு நோயாளியிடம் உணவைப் பறிக்கும் இடத்தில், சமய விதி நோயாளிக்கு உணவை அனுமதிக்கிறது. இத்தகைய விலக்கு இருந்தும் நோன்பிருந்த, நடுத்தரமும் கடுமையுமான காளாஞ்சகப்படை உடைய 108 இசுலாமியரை ரமலானுக்கு முன்னும் பின்னும் பார்த்த மருத்துவர்கள், அவர்களின் நோய்க்கடுமை குறைந்திருந்ததாக 2019இல் எழுதினர். உண்ணும் நேரம் மாறியதாலா, உணவு குறைந்ததாலா, அம்மாதத்தில் கிடைத்த மன அமைதியாலா, நோய் தானே இறங்கும் காலம் அதுவாக இருந்ததாலா என்று அவ்வாய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்ல, அதே மாதத்தில் நோன்பிராத நோயாளிகளையும் உடன்வைத்துப் பார்க்கவேண்டும்.